கிராமத்து மனைப்பிரிவு: அட்வான்ஸ் கொடுக்கும் முன் லேஅவுட் வரைபடத்தைச் சரிபார்ப்பது எப்படி?

தமிழ்நாட்டில் ஊராட்சிப் பகுதியில் புதிதாக வரப்போகும் ஒரு மனைப்பிரிவில் இடம் வாங்க நினைக்கிறீர்கள். கையில் வண்ண வரைபடம் இருக்கிறது. "அப்ரூவலுக்குப் போட்டாச்சு, இப்போ புக் பண்ணினா சதுர அடிக்கு நூறு ரூபாய் குறைவு" என்கிறார்கள். இந்தக் கட்டத்தில் எதை, எந்த வரிசையில் பார்ப்பது என்பதற்கான வழிகாட்டி இது. பக்கத்து நிலத்துக்காரர்களுக்கும் பெரும்பகுதி பயன்படும்.

எல்லோரும் தங்கள் மனை எண்ணையே உற்றுப் பார்க்கிறார்கள். வடக்குப் பார்த்ததா, மூலை மனையா, எத்தனை சதுர அடி என்று. ஆனால் பின்னால் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை மனைக்கு வெளியே இருந்துதான் வருகின்றன: உள்ளே வரும் பாதை, மழைத் தண்ணீர் போகும் வழி, காணாமல் போகும் பூங்கா. உங்கள் நேரத்தில் முக்கால் பங்கை அங்கே செலவிடுங்கள்.

1. லேஅவுட் எந்தக் கட்டத்தில் நிற்கிறது?

"அப்ரூவல்" என்ற ஒரே சொல்லுக்குள் பல கட்டங்களை ஒளிக்கிறார்கள். முதலில் புரோமோட்டர், அதாவது மனை போட்டு விற்பவர், நகர் ஊரமைப்பு இயக்ககத்திடம், அதாவது டிடிசிபி-யிடம் விண்ணப்பிக்கிறார். சென்னைப் பெருநகரப் பகுதியில் அது சிஎம்டிஏ, அதாவது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம். சாலை அமைப்பை அவர்கள் ஏற்ற பிறகு, சாலைகளையும் பூங்காவையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாகப் பதிந்து கொடுக்க வேண்டும். அதன் பின்தான் தொழில்நுட்ப அனுமதியும், அதை வைத்து உள்ளாட்சியின் இறுதி அனுமதியும். அதற்கும் பிறகு ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு.

கேட்க வேண்டிய கேள்வி, "அப்ரூவல் ஆச்சா?" அல்ல. "தானப் பத்திரம் பதிந்தாயிற்றா? எந்தத் தேதி, என்ன ஆவண எண்?" என்று கேளுங்கள். ஆகியிருந்தால் அந்தப் பதிவு வில்லங்கச் சான்றிலேயே (நிலத்தின் மேல் நடந்த பதிவுகளின் பட்டியல்) தெரியும். தெரியவில்லை என்றால் இறுதி அனுமதிக்கு இன்னும் தூரம் இருக்கிறது. "பத்து நாளில் வந்துவிடும்" என்பதை நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

மூன்று சொற்களில் எச்சரிக்கையாக இருங்கள். "பஞ்சாயத்து அப்ரூவ்டு" என்றால், டிடிசிபி அனுமதி இல்லாமல் ஊராட்சித் தலைவரின் கையெழுத்தும் முத்திரையும் மட்டும் உள்ள வரைபடம் என்று பெரும்பாலும் பொருள், அது செல்லாது. "ரெகுலரைஸ்டு" என்பது 2017-ஆம் ஆண்டு விதிகளின் கீழ் வரன்முறைப்படுத்தப்பட்ட பழைய மனை. 20.10.2016 அன்றோ அதற்கு முன்போ பதிவான விற்பனை இருந்தால்தான் அது பொருந்தும். இன்று புதிதாகப் போடும் லேஅவுட்டுக்கு இந்தச் சொல்லே ஒட்டாது. மூன்றாவது "பண்ணை நிலம்". பத்து சென்ட், இருபது சென்ட் என்று விவசாய நிலமாகவே துண்டு போட்டு விற்பது. விலை குறைவாக இருக்கும். ஆனால் அது அனுமதி பெற்ற வீட்டு மனை அல்ல. வீடு கட்டத் திட்ட அனுமதி கேட்கும்போதும், வங்கிக் கடனுக்குப் போகும்போதும் சிக்குவீர்கள். பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவு, அனுமதியில்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை விதிக்கிறது. ஏற்கெனவே வீட்டு மனையாகப் பதிவான இடத்துக்கு மட்டுமே விலக்கு.

2. புல எண்களை வாங்கி ஆவணங்களை எடுங்கள்

வண்ண நோட்டீஸில் புல எண் (சர்வே எண்) பொடி எழுத்தில் இருக்கும், அல்லது இருக்காது. கேட்டு வாங்குங்கள். எல்லாப் புல எண்களும், உட்பிரிவு எண்களோடு வேண்டும். தர மறுத்தால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

எடுக்க வேண்டியவை: பட்டா, அ-பதிவேடு, புல வரைபடம் (எஃப்எம்பி). மூன்றும் வருவாய்த் துறையின் இ-சேவை தளத்தில் ஒரே மாலையில் கிடைத்துவிடும். பதிவுத் துறைத் தளத்தில் வில்லங்கச் சான்றைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். கிராம வரைபடத்தை மறக்க வேண்டாம். புல வரைபடம் ஒரு மரம் என்றால், காடு தெரிவது கிராம வரைபடத்தில்தான்.

அ-பதிவேட்டில் நிலத்தின் வகைப்பாட்டைப் பாருங்கள். நஞ்சை, புஞ்சை, நத்தம், புறம்போக்கு, மேய்க்கால், அனாதீனம், ஓடை, வாய்க்கால் என்று ஒவ்வொரு எண்ணுக்கும் எழுதியிருக்கும். பத்துப் புல எண்கள் கொண்ட லேஅவுட்டின் நடுவே ஒரே ஒரு எண் மட்டும் "வாய்க்கால்" என்று இருப்பது புதிதல்ல. பஞ்சமி நிலம் (பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது), அரசு ஒப்படைத்த நிபந்தனைப் பட்டா நிலம், பூதான நிலம், கோயில் நிலம், வக்ஃபு நிலம் ஆகியவற்றின் அடையாளமும் இங்கேதான் முதலில் தட்டுப்படும். நஞ்சை என்றால், பயன்பாட்டு மாற்றத்துக்கு வேளாண்மைத் துறையின் கருத்து பெறப்பட்டதா என்று தனியாகக் கேளுங்கள்.

பட்டாவில் பரப்பு ஹெக்டேர்–ஏர் கணக்கில் இருக்கும். ஒரு ஏர் 100 சதுர மீட்டர், அதாவது 2.47 சென்ட். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. பட்டாக்களின் பரப்பைக் கூட்டி, லேஅவுட்டில் போட்டிருக்கும் மொத்தப் பரப்போடு ஒப்பிடுங்கள். லேஅவுட் பெரிதாக இருந்தால், கூடுதல் நிலம் யாருடையது என்று கேட்க வேண்டியது உங்கள் வேலை.

3. வில்லங்கமும் மூலப்பத்திரமும்

பெரும்பாலான பதிவு அலுவலகங்களுக்கு இணையத்தில் வில்லங்கம் 1975 முதல் கிடைக்கும். அதற்கு முந்தையதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுதிக் கேட்க வேண்டும். கையால் தேடி எடுப்பதால் சில நாள் ஆகும். குறைந்தது 30 ஆண்டு பாருங்கள்.

புரோமோட்டர் நிலத்தைக் கிரையம் வாங்கியிருக்கிறாரா, வெறும் பவர் பத்திரத்தில் விற்கிறாரா என்பது முதல் கேள்வி. பவர் என்றால், அது பதிவானதா, விற்கும் அதிகாரம் அதில் எழுதப்பட்டிருக்கிறதா, ரத்தாகவில்லையா, எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று நான்கையும் பார்க்க வேண்டும். கொடுத்தவர் இறந்தால் சாதாரணப் பவரும் முடிந்துபோகும். அதனால்தான் உயிர்வாழ் சான்று கேட்கிறார்கள்.

குடும்பச் சொத்தில் மகள்களின் கையெழுத்து விடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள். கிராமத்து நிலங்களில் அடிக்கடி வரும் வழக்கு இது. தமிழ்நாட்டு இந்துக் குடும்பங்களில் 25.3.1989 அன்று திருமணமாகாதிருந்த மகள்களுக்கும், மத்தியச் சட்டத் திருத்தத்தால் 9.9.2005 முதல் எல்லா மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு உண்டு. மைனரின் தனிச் சொத்தை நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்றிருந்தால், அவர் மேஜரான பின் மூன்றாண்டுக்குள் வழக்குப் போட முடியும்.

இன்னொன்றைப் பலர் படிப்பதே இல்லை: பழைய கிரையப் பத்திரத்தின் சொத்து விவரம். "மேற்படி நிலத்திலுள்ள கிணற்றில் நான்கில் ஒரு பாகமும், மாமூல் வழி நடைபாதை பாத்தியமும், தண்ணீர் பாய்ச்சும் வாய்க்கால் பாத்தியமும் உள்பட" என்று எழுதியிருந்தால், கிணற்றின் மீதி முக்கால் பாகம் வேறு யாருக்கோ இருக்கிறது. உங்கள் நிலத்தின் வழியே பக்கத்து வயலுக்குத் தண்ணீர் போகும் உரிமையும் இருக்கலாம். லேஅவுட் போட்டதால் அந்தப் பாத்தியம் அழிந்துவிடாது. காம்பவுண்டு கட்டும் நாளன்று அவர் வந்து நிற்பார்.

4. புல வரைபடத்தையும் லேஅவுட்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வையுங்கள்

இரண்டையும் ஒரே அளவுத்திட்டத்துக்குக் கொண்டுவந்து, மெல்லிய காகிதத்தில் படியெடுத்து மேலே வைத்துப் பாருங்கள். கணினி தெரிந்தவர் என்றால் அரை மணி நேர வேலை. வெளி எல்லை பொருந்துகிறதா, புல வரைபடத்தில் ஓரத்தில் எழுதியிருக்கும் பக்கத்துப் புல எண்கள் லேஅவுட்டிலும் அதே திசையில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

"புல எண் 112/3 பகுதி" என்று எழுதியிருந்தால் நின்று யோசியுங்கள். பகுதி என்றால் உட்பிரிவு இன்னும் செய்யப்படவில்லை. எந்தப் பகுதி என்பது வாய்ச்சொல்லாகவோ, பத்திரத்தில் நான்கெல்லையாகவோ மட்டும் இருக்கிறது. சர்வேயர் அளந்து உட்பிரிவு செய்து தனிப்பட்டா வரும்வரை அந்த எல்லையை நம்ப வேண்டாம்.

பிறகு நிலத்துக்குப் போங்கள். நில அளவைக் கல் இருக்கிறதா என்று பாருங்கள். புரோமோட்டர் நட்ட வெள்ளை பெயின்ட் கல் அல்ல, அரசுக் கல். பெரும்பாலும் முள்ளுக்குள் புதைந்திருக்கும், சில இடங்களில் பிடுங்கிப் போட்டிருப்பார்கள். மதிப்பு அதிகமான இடம் என்றால் உரிமம் பெற்ற சர்வேயரை வைத்து வெளி எல்லையை அளந்துவிடுவது நல்லது. அட்வான்ஸுக்கு முன் செய்யும் செலவுகளில் வீண்போகாத செலவு இது.

5. அணுகு சாலை

பிரதான சாலையிலிருந்து லேஅவுட்டின் வாசல்வரை வரும் பாதை எந்தப் புல எண்ணில் இருக்கிறது? அந்த எண்ணுக்கும் அ-பதிவேடு எடுங்கள். "சாலை" அல்லது "வண்டிப்பாதை" என்று அரசுப் பெயரில் இருந்தால் சரி. தனியார் பட்டாவில் இருந்தால், அந்தத் துண்டும் தானமாகக் கொடுக்கப்பட்டதா என்று பாருங்கள். "ரோடு மாதிரிதான் இருக்கு, எல்லாரும் போறாங்க" என்பது ஆவணமல்ல.

அகலத்தைத் தரையில் டேப் பிடித்து அளக்க வேண்டும். வரைபடத்தில் முப்பது அடி இருந்து, தரையில் இரண்டு பக்க வேலியும் நெருங்கிப் பதினான்கு அடியே மிஞ்சும் வண்டிப்பாதைகள் ஏராளம். கான்கிரீட் லாரி திரும்ப முடியுமா என்று பாருங்கள். பாதை வாய்க்காலைக் கடந்தால், அங்கே போட்ட குழாய்ப் பாலத்துக்கு நீர்வளத் துறையின் அனுமதி உண்டா என்று கேளுங்கள். அனுமதி இல்லாத பாலத்தை அவர்கள் இடித்தால் நூறு மனைக்கும் வழி போகும்.

6. தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது

இந்த ஒரு படிக்கு மட்டும் இரண்டு முறை நேரில் போங்கள். ஒரு முறையாவது ஐப்பசி, கார்த்திகை மழை பெய்த மறுநாளாக இருக்கட்டும். மனை விற்பனை சித்திரை, வைகாசியில் சூடுபிடிப்பது தற்செயல் என்று நினைக்க வேண்டாம். அப்போது எல்லா நிலமும் மேடாகத்தான் தெரியும்.

கிராம வரைபடத்தில் அருகிலுள்ள ஏரியையும், அதன் கலிங்கையும் (உபரி நீர் வெளியேறும் இடம்) கண்டுபிடியுங்கள். தென்மாவட்டத்தில் மறுகால் என்பார்கள். ஏரி நிரம்பினால் உபரி நீர் கலிங்கைத் தாண்டி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பென்சிலால் கோடு போடுங்கள். லேஅவுட் அந்தக் கோட்டில் விழுந்தால், பத்தாண்டு வறட்சியில் காய்ந்து கிடந்தாலும் ஒரு நல்ல மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வரும். கரைக்கு உட்புறம் இருக்கும் பட்டா நிலத்தில் ஏரி நிறையும்போது தண்ணீர் ஏறும். கரைக்கு அடுத்த தாழ்ந்த வயலில் கசிவு நிற்காது. அஸ்திவாரம் எப்போதும் ஈரமாக இருக்கும்.

ஓடை புல வரைபடத்தில் இருந்து, தரையில் உழுது சமமாக்கப்பட்டிருக்கலாம். எதிர்த்திசையும் நடக்கும்: தரையில் ஓடை இருக்கும், வரைபடத்தில் இருக்காது. இரண்டுமே ஆபத்து. லேஅவுட்டுக்கு மேற்புறமும் கீழ்ப்புறமும் இருநூறு மீட்டர் நடந்து பாருங்கள். மேலே ஓடை வந்து சேர்ந்து, கீழே மறுபடி தொடங்கினால், நடுவில் அது உங்கள் மனைகளுக்கு அடியில்தான் இருக்கிறது. ஆடு மேய்ப்பவரிடம் கேளுங்கள். விஏஓ-வுக்குத் தெரியாததும் அவருக்குத் தெரியும். நீர்நிலைக்கு அருகில் இருக்கும் லேஅவுட் என்றால் நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்றைக் கேட்டு, அதிலுள்ள நிபந்தனைகளைப் படியுங்கள். "நிலத்தை இத்தனை மீட்டர் உயர்த்த வேண்டும்" என்று எழுதியிருந்தால், அந்த மண்ணடிக்கும் செலவு யார் தலையில் என்று எழுத்தில் வாங்குங்கள்.

மூடிய கிணறு இன்னொரு பொறி. புல வரைபடத்தில் கிணற்றுக் குறி இருக்கும், தரையில் இருக்காது. குப்பையும் கட்டட இடிபாடும் போட்டு நிரப்பிய கிணற்றின் மேல் வீடு கட்டினால், ஒரு பக்கம் மட்டும் இறங்கிச் சுவர் பிளக்கும். எந்த மனையில் விழுகிறது என்று கண்டுபிடித்து, அதையும் அடுத்ததையும் தவிர்த்துவிடுங்கள்.

கழிவுநீரையும் இங்கேயே பார்த்துவிடலாம். கிராமத்தில் பாதாளச் சாக்கடை கிடையாது. வீட்டுக்கு ஒரு செப்டிக் டேங்க், ஒரு உறிஞ்சுகுழி. குடிநீர்க் கிணற்றுக்கும் உறிஞ்சுகுழிக்கும் 15 மீட்டராவது இடைவெளி வேண்டும். 30-க்கு 40 அடி மனையின் மூலைவிட்டமே 50 அடி, அதாவது சுமார் 15 மீட்டர்தான். அப்படியென்றால் உங்கள் போர்வெல் எங்கே போட்டாலும் உங்களுடைய குழிக்கோ பக்கத்து வீட்டுக் குழிக்கோ அருகில்தான் இருக்கும். நூறு வீடும் தனித்தனி போர் போடும் திட்டத்தைவிட, மேல்நிலைத் தொட்டியும் குழாய் இணைப்பும் உள்ள லேஅவுட் எவ்வளவோ மேல். "தண்ணீர் வசதி உண்டு" என்று நோட்டீஸில் இருந்தால், தொட்டி எந்த இடத்தில், யார் கட்டுவது, ஊராட்சியிடம் எப்போது ஒப்படைப்பது என்று கேளுங்கள்.

7. பூங்கா, சாலைக் கணக்கு

2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 3,000 சதுர மீட்டர்வரை திறந்தவெளி ஒதுக்கீடு தேவையில்லை. 3,000 முதல் 10,000 வரை, சாலை நீங்கலாக 10 சதவீதம். ஒதுக்க முடியாவிட்டால் அதற்கான வழிகாட்டி மதிப்பை (அரசு நிர்ணயித்த நில மதிப்பு) கட்டலாம். 10,000-க்கு மேல் நிலமாகவே கொடுக்க வேண்டும். அதோடு மின்வாரியத்துக்கும் உள்ளாட்சிக்குமாக ஒரு சதவீதம்.

ஐந்து ஏக்கர் லேஅவுட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டாப் பரப்பு 2.02.50 ஹெக்டேர், அதாவது 20,250 சதுர மீட்டர். சாலைக்கு 6,000 போனால் மீதி 14,250. பூங்கா 1,425, பொதுப் பயன்பாடு 142.5. மிஞ்சுவது 12,682.5 சதுர மீட்டர், சுமார் 1,36,500 சதுர அடி. 1,200 சதுர அடி மனைகள் 113-க்கு மேல் வராது. நோட்டீஸில் 130 மனை இருந்தால் சாலையிலோ பூங்காவிலோ கைவைத்திருக்கிறார்கள். அல்லது அனுமதி வரும்போது வரைபடம் மாறும். உங்கள் மனையின் எண்ணும் இடமும் சேர்ந்து மாறும். அனுமதிக்கு முன் புக் செய்வதில் உள்ள பெரிய சிக்கல் இதுதான்.

பூங்கா எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். பள்ளத்திலோ, மின்கம்பிக்கு அடியிலோ, சாலையே தொடாத மூலையிலோ தள்ளியிருந்தால் அது பேருக்குத்தான் பூங்கா. உள்சாலைகளில் 120 மீட்டருக்கு உட்பட்ட சிறு தெருவுக்கு 7.2 மீட்டர், நீண்டவற்றுக்கு 9 மீட்டர் அல்லது அதற்கு மேல் என்பது பொதுக் கணக்கு. "23 அடி ரோடு, 30 அடி ரோடு" என்று விளம்பரத்தில் வருவது இவைதான். சந்திப்புகளில் மூலை மனையின் முனை வெட்டப்பட்டிருக்க வேண்டும். சதுர முனையோடு வரைந்திருந்தால் அது அலுவலகம் பார்த்துத் திருத்திய வரைபடம் அல்ல. மூலை மனைக்காரருக்குச் சில சதுர அடி குறையும்.

8. விரைவாகப் பார்த்துவிட வேண்டியவை

உயர் மின்னழுத்தக் கம்பி மேலே போனால், 110 கேவி-க்கு 22 மீட்டர், 220 கேவி-க்கு 35 மீட்டர் அகலப் பாதை விடப்பட்டிருக்கிறதா என்று அளந்து பாருங்கள். ரயில்வே எல்லையிலிருந்து 30 மீட்டருக்குள் என்றால் ரயில்வேயின் சம்மதம் வேண்டும். மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் கீழ் வரும் கிராமமா என்று பாருங்கள். நீலகிரி முழுவதும் மட்டுமல்ல, கோவை மாவட்டத்தின் மலையடிவார ஊர்கள் பலவும் அதில் வருகின்றன. அங்கே டிடிசிபி மட்டும் போதாது. சுடுகாடு, கல்குவாரி, கோழிப்பண்ணை ஆகியவற்றுக்குக் காற்றடிக்கும் திசையையும் சேர்த்துப் பாருங்கள்.

9. கோப்பையே கேட்டுப் பார்க்கலாம்

புரோமோட்டர் காட்டும் நகலில் சந்தேகம் இருந்தால், மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதுங்கள். கட்டணம் 10 ரூபாய். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். "லேஅவுட்டைப் பற்றிய தகவல் வேண்டும்" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில் வரும். புல எண்களைக் குறிப்பிட்டு, விண்ணப்பத்தின் இன்றைய நிலை, சாலை அமைப்பு வரைபட நகல், துறைகளின் தடையின்மைச் சான்றுகள், அவற்றின் நிபந்தனைகள் என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

பக்கத்து நிலத்துக்காரர் என்றால், ஓடையோ பாதையோ மறிக்கப்படுவதை அனுமதிக்கு முன்பே எழுத்தில் தெரிவியுங்கள்: டிடிசிபி மாவட்ட அலுவலகம், தாசில்தார், பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) மூவருக்கும், புல வரைபட நகலோடு, பதிவுத் தபாலில். கிராம சபையிலும் எழுப்பலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். இறுதி அனுமதி வந்து மனைகள் விற்ற பிறகு எழுந்தால், எதிரே நிற்பது புரோமோட்டர் அல்ல, நூறு குடும்பங்கள்.

10. பணம் கொடுப்பதும் பதிவும்

நிலம் 500 சதுர மீட்டரைத் தாண்டினாலோ மனைகள் எட்டைத் தாண்டினாலோ ரெரா பதிவு வேண்டும். பதிவு எண் இல்லாமல் விளம்பரம் செய்வதும் புக்கிங் வாங்குவதும் சட்டப்படி தவறு. எண் கிடைத்ததும் தமிழ்நாடு ரெரா தளத்தில் தேடி, அங்கே ஏற்றியிருக்கும் வரைபடத்தை உங்கள் கையிலுள்ளதோடு மனை மனையாக ஒப்பிடுங்கள். ஒரே புரோமோட்டரின் பழைய திட்ட எண்ணைப் புதிய பகுதிக்கும் போட்டு விற்பதுண்டு. புல எண் பொருந்தவில்லை என்றால் அது வேறு திட்டம்.

பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்பது ரெரா சட்டத்தின் 13-ஆம் பிரிவு. கொடுக்கும் பணம் வங்கி வழியாகவே போகட்டும்.

செலவைக் கணக்கிடும்போது மனை விலையோடு நிறுத்த வேண்டாம். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9 சதவீதம். விலை, வழிகாட்டி மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதன் மேல். 3,60,000 ரூபாய் மனைக்கு 32,400. பத்து லட்சம்வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் 1.4.2025 முதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறையும். இதே மனைக்கு 28,800. வழக்கறிஞர் கருத்து, ஆவண எழுத்தர், சர்வேயர் செலவு தனி.

ஆவணங்களை எடுத்து, இரண்டு முறை நேரில் போய், வழக்கறிஞரிடம் காட்ட மூன்று வாரம் ஒதுக்குங்கள். தகவல் உரிமை மனு போட்டால் இன்னொரு மாதம். வரைவுப் பத்திரத்தைப் பதிவுக்கு இரண்டு நாள் முன்பே வாங்கி, அனுமதி எண், மனை எண், நான்கெல்லை, நான்கு பக்க அளவு, சாலையின் அகலம் ஆகியவற்றை இறுதி வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். பதிவான வாரத்திலேயே பட்டா மாறுதலின் நிலையைப் பார்த்து, உட்பிரிவு எண் உங்கள் பெயரில் ஏறியதும் நான்கு மூலையிலும் கல் ஊன்றி, அளவு நாடாவோடு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.